பின்பக்கம் மடங்கும் முழங்கால்

தெலேசியா அவுமுவாவின் உயரம் நூற்று எண்பத்தேழு சென்டிமீட்டர். இந்தக் கதையில் அவள் செய்த தப்பு என்று ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால், அது அதுதான்.

பிரிஸ்பேன் பக்கத்து லோகனில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். வயது இருபத்தேழு. காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது ஒரு நடை, பிற்பகலில் அழைத்து வருவது ஒரு நடை. நடுவில் கிடைக்கிற ஐந்து மணி நேரமும் கவுன்சில் மைதானத்தில் ஈட்டி எறிவாள். பயிற்சி கொடுப்பவள் டோனா பிரெவிட். இறைச்சிக் கூடத்தில் ஆய்வாளர் வேலை, வாயைத் திறந்தால் கத்தி. அக்டோபரில் பிரிஸ்பேனில் நடந்த மாநிலப் போட்டியில் தெலேசியா அறுபத்தொரு மீட்டர் நாற்பது எறிந்தாள். காமன்வெல்த் விளையாட்டு அணிக்கு அறுபது போதும். அன்றைக்கே அவள் அக்கா மெலே, அவர்களுடைய சமோவாத் தேவாலயத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஃபோன் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாற்பது பேர் வீட்டுக்கு வந்து, டாரோக் கிழங்கும் சபசுயி நூடுல்ஸும் தேங்காய்ப்பால் பன்னும் தின்று, தெலேசியாவின் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அறுபது எறிந்தால் அணி என்று எல்லோரும் வெகுளியாக நம்பிவிட்டார்கள். பாவம், அவர்களுக்கு விதி தெரியாது. இரண்டு வருஷமாக, எவ்வளவு தூரம் எறிந்தாலும், தேசிய அசைவுத் தர நிலையம் கொடுக்கும் அசைவுச் சான்றிதழ் இல்லாமல் பிப்ரவரித் தேர்வுப் போட்டியில் கால் வைக்க முடியாது. எறிகிற ஈட்டி எங்கே விழுகிறது என்பதை எந்த முட்டாளும் பார்த்துச் சொல்லிவிடலாம். எறிந்தவரின் உடம்பு முறைப்படி அசைந்ததா என்பதை நிலையம்தான் சொல்ல முடியும். இப்படித்தான் அவர்களுடைய கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது, கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பேருந்துக்கு மாற்று ஆள் போட்டுவிட்டு, தெலேசியா நிலையத்துக்குப் போனாள். முதலில் பதினொரு படிவங்களில் கையெழுத்து வாங்கினார்கள். எட்டாவது படிவத்தில், "நிற்கும் நிலைப் பதிவின்போது பங்கேற்பாளர் நிமிர்ந்து நின்றார்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் டிக். டிக்கையும் சேர்த்தே அச்சடித்திருந்தார்கள். இன்னும் நிற்கவே இல்லையே என்று அவள் கேட்டதற்கு, எல்லோரும் நிமிர்ந்துதானே நிற்பார்கள், ஒவ்வொன்றுக்கும் பேனா எடுத்து டிக் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி என்று வரவேற்பு மேசைப் பெண் கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் வார்விக் வந்தார். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், நாற்பத்தைந்து வயது, நல்ல மனிதர், பதினேழு வருஷமாக அங்கே இருந்ததில் முகத்தில் ஒருவிதமான மன்னிப்புக் கேட்கும் பாவனை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. உச்சந்தலை முதல் பாதம் வரை, சுண்டைக்காய் அளவு வெள்ளி உருண்டைகள் நாற்பத்து மூன்றை அவள் மேல் ஒட்டினார். சுவர் ஓரமாகப் பன்னிரண்டு கேமராக்கள். அவற்றுக்கு மனிதர்கள் தெரியமாட்டார்கள், உருண்டைகள் மட்டும்தான் தெரியும் என்று வார்விக் சொன்னார். முதலில் பத்து விநாடி அசையாமல் நிற்கவேண்டும். அப்படி நிற்பதைத்தான் கணினி "நேர்" என்று எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் எல்லா மூட்டும் பூஜ்யம். அதற்கப்புறம் எது எவ்வளவு மடங்கினாலும் அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் கணக்கு.

தெலேசியா கையை விரித்துக்கொண்டு நின்றாள். வார்விக் திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"தலை வெளிய போகுதுங்க."

அந்தக் கூடம் முதலில் சைக்கிள்காரர்களுக்காகக் கட்டியது. சைக்கிள்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் மற்ற விளையாட்டுகளும் வந்தபோது கேமராக்களைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். குளிர்சாதனக் குழாய் குறுக்கே வந்ததால் அதற்கு மேல் உயர்த்தவில்லை. நூற்று எண்பத்துநான்கு சென்டிமீட்டர் வரைதான் தெரியும். ஓடும்போது தலை வெளியே போனால் கணினியே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். நிற்கும்போது மட்டும் நாற்பத்து மூன்றும் தெரிந்தாக வேண்டும். கேமராவைத் தூக்கினால் என்ன என்று தெலேசியா கேட்டாள். அதற்குக் கட்டடக் குழு கூடவேண்டும், குழாயைத் திருப்பவேண்டும், மறுபடி எல்லாவற்றையும் சரிபார்க்கவேண்டும், குறைந்தது ஏழு மாதம் என்றார் வார்விக். தேர்வுப் போட்டிக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

"முட்டிய லேசா மடக்கி, கொஞ்சம் இறங்குங்க. இன்னும். இன்னும் ஒரு பொடி. ஆங், அங்கேயே நில்லுங்க."

"இப்படிக் குந்தினாப்ல நின்னா பரவாயில்லையா?"

"பத்து செகண்டுதானம்மா. எல்லா உயரமானவங்களும் அப்படித்தான் நிப்பாங்க."

நின்றாள். அப்புறம் வலைக்குள் ஆறு முறை எறிந்தாள். ஆறும் அருமையாக வந்தன. ஓடி வந்து இடது காலை முன்னால் ஊன்றும்போது, அந்தக் கால் இரும்புக் கம்பி போல நேராக நிற்கும். ஓடி வந்த வேகம் முழுவதும் அந்தக் காலில் முட்டிக்கொண்டு, இடுப்பு வழியாக ஏறி, கையில் போய் வெடிக்கும். இதற்காக டோனாவிடம் ஆறு வருஷம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அறிக்கை டிசம்பரில் வந்தது. அறுபத்து நான்கு பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில் சிவப்புப் பெட்டி போட்டு எழுதியிருந்தது: ஊன்றும் தருணத்தில் பங்கேற்பாளர் எண் முப்பத்தொன்றின் இடது முழங்கால் இருபத்தொன்பது டிகிரி பின்பக்கமாக மடங்குகிறது. சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது.

மெலே அதைப் படித்துவிட்டு, தங்கையைச் சோபாவில் உட்காரவைத்து, முழங்காலைத் தடவிப் பார்த்தாள். "பின்னால மடங்குதாமே. எப்பலேர்ந்துடி?" என்று கேட்டாள். படித்த மனிதர்கள் அச்சடித்துக் கொடுத்த காகிதத்துக்கு அந்த வீட்டில் ரொம்ப மரியாதை. தெலேசியாவுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று, பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

டோனா பார்க்கவில்லை. டோனா காரை எடுத்தாள். மறுநாளே இருவரும் நிலையத்தின் தலைமை ஆய்வாளர் டாக்டர் அலிஸ்டர் பிம் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிம் மெலிந்த மனிதர், தினமும் ஓடுகிறவர், மணிக்கட்டில் இரண்டு கடிகாரம். அவர் மேசை மேல் மூன்று திரைகள். நடுத் திரையில் ஓர் எலும்புக்கூடு ஓடி வந்து, இடது காலை ஊன்றி, அந்தக் கால் கொக்கின் கால் மாதிரிப் பின்பக்கம் ஒடிய, ஈட்டியை எறிந்தது. மறுபடி ஓடி வந்து மறுபடி எறிந்தது.

"இது நான் இல்ல டாக்டர்," என்றாள் தெலேசியா.

"நீங்கதான். முப்பத்தொண்ணு."

அன்றைக்கு முட்டியை மடக்கி நிற்கச் சொன்னார்கள், அந்த மடக்கைத்தான் கணினி நேர் என்று நினைத்துவிட்டது, அதனால் நேரான கால் அதற்குப் பின்னால் வளைந்ததாகத் தெரிகிறது என்று அவள் சொன்னாள். பேருந்து ஓட்டுகிறவள் இவ்வளவு தெளிவாகச் சொன்னது பிம்முக்குப் பிடித்தது. பாராட்டினார். பிறகு எட்டாவது படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். பங்கேற்பாளர் நிமிர்ந்து நின்றார். டிக். கீழே அவள் கையெழுத்து. வார்விக்கைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, நடைமுறைப்படி எல்லோரும் நிமிர்ந்துதான் நிற்பார்கள் என்றார்.

டோனா எழுந்தாள். தெலேசியாவின் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, காலை நீட்டி மேசை மேல், பிம்மின் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாருங்க. உங்க கண்ணாலேயே பாருங்க. எங்க மடங்குது?"

பிம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். கால் இருந்த பக்கம் திரும்பவில்லை.

"மிஸ் பிரெவிட், கண்ணுங்கறது அங்கீகரிக்கப்பட்ட கருவி கிடையாது. அதோட பிழை அளவு என்னன்னு யாரும் இதுவரைக்கும் பதிப்பிச்சதில்ல. என் கேமரா அரை மில்லிமீட்டர் பிசகாது. நான் உங்க வருத்தத்த மதிக்கறேன். ஆனா என்னால ஒரு காலைப் பாத்துட்டு முடிவெடுக்க முடியாது. அது அறிவியல் இல்ல."

"இவ முட்டி முப்பது டிகிரி பின்னால மடங்குச்சுன்னா இவளால நடந்து உள்ள வந்திருக்க முடியுமா?"

"நடை எங்க ஆய்வு வரம்புல வரல. எறிதல் மட்டும்தான்."

பிம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும். வெளி மருத்துவர் ஒருவரிடம் காட்டி அளந்துகொண்டு வரலாம் என்று அவரே யோசனை சொன்னார். எலும்பு மருத்துவர் ஓர் அம்மாள், கோணமானியை முழங்காலில் வைத்துப் பார்த்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதிக்கொடுத்தார். இதற்கு எதற்கு என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டார். தெலேசியா அந்தக் காகிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோனாள்.

ஜனவரியில் ஏழு பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு கூடியது. தெலேசியா வெளியே உட்காரவைக்கப்பட்டாள். கதவு சரியாக மூடவில்லை. உள்ளே, மருத்துவரின் பூஜ்யமும் கேமராவின் இருபத்தொன்பதும் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் நிலையத்தின் நற்பெயருக்குப் பங்கம் வருமே என்ற கவலை பேசப்பட்டது. மருத்துவரிடம் இருந்தது பிளாஸ்டிக் கோணமானி, கடையில் வாங்கியது. இருந்தாலும் அவர் மருத்துவர். ஒருவர், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடலாம் என்றார். இன்னொருவர், உண்மையை அப்படிப் பாதியாக வெட்டுவது அறமாகாது, வாக்கெடுப்பு நடத்துவதுதான் முறை என்றார். நான்குக்கு மூன்று என்ற வாக்குகளில், தெலேசியாவின் முழங்கால் பதினான்கரை டிகிரி பின்பக்கம் மடங்குகிறது என்று தீர்மானமாயிற்று. மூன்று பேர் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார்கள்; அவர்கள் இருபத்தொன்பதுக்காரர்கள்.

வெளியே அவள் தன் முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏன் வெட்கம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுபரிசோதனை கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று வார்விக் நடைபாதையில் ரகசியமாகச் சொன்னார். கேட்டாள். கொடுத்தார்கள். இந்த முறை குனியவே மாட்டேன் என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டு, நாற்பத்து மூன்று உருண்டைகளோடு விறைப்பாக நின்றாள். பிம்மும் வந்து பார்த்தார். உச்சந்தலை உருண்டை தெரியாததால், திரையில் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லாத ஓர் எலும்புக்கூடு நின்றது. கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மனித உடல் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிக் காட்டியது.

முந்தைய பரிசோதனையோடு ஒப்பிட வேண்டுமானால் முந்தைய மாதிரியேதான் நிற்கவேண்டும் என்று பிம் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப மாதிரியே நின்னா, அப்ப வந்த மாதிரியேதானே டாக்டர் வரும்?"

"அதுதாங்க நம்பகத்தன்மை," என்றார் பிம். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது. ஒருவருக்குப் பாடம் ஏறிவிட்டதைப் பார்க்கிற சந்தோஷம்.

அவள் முட்டியை மடக்க மறுத்தாள். பங்கேற்பாளர் ஒத்துழைக்கவில்லை, மேலும் பங்கேற்பாளர் காணப்படவில்லை என்று பதிவு செய்துகொண்டார்கள்.

தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. நிலையம் இரக்கத்தோடு பரிசீலித்து, நிபந்தனைச் சான்றிதழ் வழங்க முன்வந்திருந்தது. இடது முழங்காலுக்கு ஒரு கட்டு அணியவேண்டும். இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை, நடுவில் கீல். குழுவின் தீர்மானப்படி, கால் நேராவதற்குப் பதினான்கரை டிகிரி முன்பே அது தடுத்து நிறுத்தவேண்டும். ஆனால் அந்தக் கட்டைச் செய்கிறவர்கள் பத்து, இருபது, முப்பது என்றுதான் செய்கிறார்கள். பாதுகாப்பு கருதி முப்பது தேர்ந்தெடுக்கப்பட்டது.

"முப்பது டிகிரி மடக்குன காலோட ஓடி வந்து ஊணச் சொல்றானுங்க," என்றாள் டோனா. கட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஊணுறப்ப உன் எடையப் போல ஏழெட்டு மடங்கு இந்தக் கால்ல எறங்கும். நேரா இருந்தா எலும்பு தாங்கும். மடங்கியிருந்தா எல்லாம் ஒரு தசைநார்லதான் தொங்கும். வேண்டாம் பொண்ணே. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அடுத்த காமன்வெல்த் நான்கு வருஷம் கழித்து. அப்போது தெலேசியாவுக்கு முப்பத்தொன்று ஆகியிருக்கும். கேமராவின் உயரம் அதேதான் இருக்கும். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. மெலே ஏற்கெனவே, ஜூலையில் போட்டி நடக்கப்போகிற கிளாஸ்கோவுக்கு விமான டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்திருந்தாள். தேவாலயத்தில் போதகர் இரண்டு வாரமாக அவள் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கறேன்," என்றாள் தெலேசியா. "அம்பதுக்கு மேல போனாலும் போகும். மத்த பொண்ணுங்க யாரும் அறுபதத் தொடல. ஏற்கெனவே எறிஞ்சது கணக்குல இருக்கு. தேர்வுல முதலா வந்தா போதும்."

டோனா கட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

தேர்வுப் போட்டியன்று நல்ல வெயில். கட்டு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஓர் அதிகாரி வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். பிம்மின் ஆட்கள் ஓடுபாதையின் இரு பக்கமும் நான்கு கேமரா வைத்திருந்தார்கள். தெலேசியா நொண்டி நொண்டி ஓடி வந்து எறிந்தாள். நாற்பத்தேழு மீட்டர். இரண்டாவது, நாற்பத்தொன்பது. வேடிக்கை பார்க்க வந்த தேவாலயத்துப் பெண்கள் கைதட்டவேண்டுமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலிடத்தில் இருந்த டவுன்ஸ்வில் பெண் ஐம்பத்து மூன்று எறிந்திருந்தாள். நாலே மீட்டர். கட்டு இல்லாமல் காலையில் தூக்கக் கலக்கத்தில் எறிந்தாலே வருகிற தூரம்.

மூன்றாவது எறிக்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடி வந்தாள். இடது காலை ஊன்றினாள். கால் நிமிரப் பார்த்தது, எஃகு விடவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் முதல் வரிசை வரைக்கும் கேட்டது. ஈட்டி கையிலேயே இருந்தது. முழங்கால் சில்லு தொடைக்குப் பாதி தூரம் ஏறி நின்றது.

டோனாதான் முதலில் ஓடி வந்தாள். கட்டைக் கழற்ற முடியவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் பட்டையை வெட்டித்தான் எடுத்தார்கள். வலியில் அவள் சமோவா மொழியில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மெலே கூடவே அழுதுகொண்டு பதில் சொன்னாள். அந்த நேரத்தில் பிம் அருகே வந்து குனிந்து, மிகுந்த பரிவோடு, நான்கு கேமராவிலும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது, கவலைப்படவேண்டாம் என்றார்.

ஏப்ரலில் மெல்போர்னில் ஒரு விழா. விளையாட்டு அறிவியலுக்கான வருஷாந்திர விருது நிலையத்துக்குக் கிடைத்தது. இரண்டு அறுவைசிகிச்சை முடிந்து வீட்டில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்த தெலேசியா, மெலேயின் ஃபோனில் அதைப் பார்த்தாள். மெலே வேண்டாம் என்றுதான் சொன்னாள். பிம் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு மேடையில் நின்றார்.

"ஒரு விளையாட்டு வீரர் எவ்வளவு தூரம் எறிஞ்சார்னு கேக்கற காலம் போயிடுச்சு," என்றார். "தூரம்ங்கறது ஒரு பக்க விளைவு. நாங்க மூலத்தப் பாக்கறோம். முப்பத்தொண்ணாம் பங்கேற்பாளரோட இடது முழங்கால் ஆபத்துல இருக்குன்னு பதினோரு வாரத்துக்கு முன்னாடியே எழுத்துல கொடுத்தோம். அவங்களுக்கு வலி இல்ல. அவங்க பயிற்சியாளருக்குச் சந்தேகம் இல்ல. ஒரு மருத்துவர்கூட எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்தார். உலகத்துல எங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. எங்க கணிப்பு எந்த முழங்கால்னு சொல்லுச்சோ அதே முழங்கால். எந்த நொடின்னு சொல்லுச்சோ அதே நொடி. நாங்க கட்டு போட்டும் அந்தக் காலைக் காப்பாத்த முடியலன்னா, அது எவ்வளவு மோசமான காலா இருந்திருக்கணும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. திரையில் தெலேசியாவின் கால் மெதுவான வேகத்தில் மூன்று முறை அறுந்தது. பின்வரிசையில் வார்விக் தெரிந்தார். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

மே மாதம் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. தேசியக் கூடைப்பந்து ஆண்கள் அணி பரிசோதனைக்கு வந்திருக்கிறது. இரண்டு மீட்டருக்குக் குறைவாக அதில் ஒருவரும் இல்லை. அதனால் குளிர்சாதனக் குழாயைத் திருப்பி, கேமராக்களை அரை மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஆரம்பித்து, தேநீர் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. புது அமைப்பைச் சரிபார்ப்பதற்காகப் பழைய பதிவுகளை மறுபடி கணக்கிட்டதில், வார்விக் என்ற ஊழியர் எழுத்துமூலம் கொடுத்த குறிப்பின் அடிப்படையில், பங்கேற்பாளர் முப்பத்தொன்றின் நிற்கும் நிலைப் பதிவில் மூன்று சென்டிமீட்டர் குறைவு கண்டுபிடிக்கப்பட்டது. திருத்திய கணக்கின்படி இடது முழங்காலில் குறை ஏதும் இல்லை. இதன்மூலம் முழுமையான அசைவுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. நவம்பர் மாதத்திலிருந்தே செல்லும். வாழ்த்துகள். முழங்கால் கட்டு நிலையத்தின் உடைமையாகையால் பதினான்கு நாட்களுக்குள் சுத்தம் செய்து திருப்பித் தரவும்.

மெலே கடிதத்தைக் கிழிக்கப் போனாள். தெலேசியா வாங்கி வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம், தன் பேருந்து வேறு யாரோ ஓட்டத் தெருமுனையில் திரும்பிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வாய்விட்டு அழுதாள். கால் இனிமேல் முழுசாக நீளாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடைசி இருபது டிகிரி போனது போனதுதான். கிளட்சை அழுத்த அந்தக் கால்தான் வேண்டும்.

கட்டைத் திருப்பிக் கொடுக்க அவளே போனாள். டோனா கார் ஓட்டினாள். இரண்டு ஊன்றுகோல்களோடு அந்த நீளமான நடைபாதையைக் கடக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் வார்விக்கின் அறை காலியாக இருந்தது. அவர் கிடங்குப் பிரிவுக்கு மாற்றப்பட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். பிம்மின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். வெட்டுப்பட்ட கட்டை அவர் மேசை மேல் வைத்தாள்.

"யாரு, தெலேசியாவா? வாங்க, வாங்க," என்றார் பிம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடிதம் வந்துதா? எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உங்க முட்டி நேரா இருக்கு. நேத்துகூட எடுத்து வச்சுப் பாத்தேன். இவ்வளவு சுத்தமா ஊணுற கால் இந்த நாட்டுல இன்னொண்ணு இல்ல."

திரையில் எலும்புக்கூடு ஓடி வந்து, காலை நேராக ஊன்றி, எறிந்தது. உண்மையிலேயே அழகாக இருந்தது. தெலேசியா தன்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு முழுச் சுற்று பார்த்தாள், இன்னொரு சுற்றும் பார்த்தாள்.

"டாக்டர்," என்றாள். "இந்தப் பக்கம் திரும்பி, என் காலை ஒரு தடவ பாருங்க. ஒரே ஒரு தடவ."

பிம் திரும்பினார். ஆனால் வலது பக்கத் திரைக்குத் திரும்பினார். நாட்காட்டியைத் திறந்தார்.

"நேர்ல பாக்கறதுன்னா அது தனி மதிப்பீடு. முன்பதிவு பண்ணித்தான் பாக்க முடியும். ஜூலை முழுக்க நான் கிளாஸ்கோவுல அணியோட இருப்பேன்... ஆகஸ்ட் பதினாலாம் தேதி ஒரு இடம் காலியா இருக்கு. போட்டுடட்டுமா?"

டோனா கதவருகிலேயே நின்று, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை சொன்னாள். பிம் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் ஏற்கெனவே பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார், எண்ணைப் போட்டார், கடைசியாக அன்போடு சொன்னார்:

"இந்தத் தடவ ஒண்ணும் கஷ்டம் இல்ல. கேமராவ உயர்த்திட்டோம். நீங்க நிமிந்து நின்னா போதும்."